160 கேள்விகளுக்கு அப்பால்

தெலங்கானாவில் பொறியியல் சேர எழுதும் நுழைவுத்தேர்வின் இன்றைய பெயர் ஈஏபிசெட். ஹைதராபாத் பெற்றோர் வாயில் அது இன்னும் எம்செட்தான். கணக்கில் 80, இயற்பியலில் 40, வேதியியலில் 40, ஆக மொத்தம் 160 கேள்விகள். நேரம் 180 நிமிடம். ஒரு கேள்விக்குச் சுமார் 67 விநாடி. பார்த்ததும் சூத்திரம் நினைவுக்கு வரவேண்டும், விடையைத் தொட்டுவிட்டு அடுத்ததற்குப் போகவேண்டும். தமிழ்நாட்டில் 'ஒரு மார்க் கேள்வி' என்று சொல்வதை அங்கே 'பிட்' என்கிறார்கள்.

'இன்டர்' எனப்படும் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புகள் பெரும்பாலும் இந்தப் பிட்களை மனத்தில் வைத்தே நடக்கின்றன. தில்சுக்நகரிலும் கூகட்பள்ளியிலும் மாதாபூரிலும் அடுக்குமாடிக் கட்டடங்களில் இயங்கும் தனியார் ஜூனியர் கல்லூரிகளில், காலையில் தொடங்கும் 'ஸ்டடி ஹவர்' இரவு வரை நீளும். அந்தப் பிள்ளைகளின் உழைப்பை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளில் அவர்கள் முன்னால் வைக்கப்படாத பொருள் ஒன்று உண்டு: நான்கு பக்க நீளமுள்ள, ஒரு கருத்தை நிறுவ முயலும், மறுத்துப் பேச இடமுள்ள ஒரு கட்டுரை.

கல்லூரியின் முதல் வாரத்திலேயே அது வந்துவிடும். பொருளாதாரம் எடுத்தவருக்கு முப்பது பக்க அத்தியாயம். வரலாறு எடுத்தவருக்கு ஒரே நிகழ்வைப் பற்றி முரண்படும் இரண்டு ஆய்வாளர்கள். இவர் என்ன சொல்கிறார், எதை ஆதாரமாக வைத்துச் சொல்கிறார், நீ இதை ஏற்கிறாயா? பதினெட்டு வயது வரை யாரும் கேட்காத கேள்விகளை அன்று முதன்முறையாகக் கேட்கிறார்கள். மாணவர் விழிக்கிறார். 'இந்தத் தலைமுறைக்கு வாசிப்பே இல்லை' என்று பேராசிரியர் சலித்துக்கொள்கிறார். பயிற்சியே தராத ஒன்றில் தேர்ச்சி இல்லையென்று பழிப்பது நியாயமில்லை.

பரீட்சையின் வடிவம் மாறினால் படிப்பும் மாறும் என்பதற்கு அதே ஊரின் ஓரத்திலேயே சான்று இருக்கிறது. ஷாமீர்பேட்டையில் உள்ள நல்சார் சட்டப் பல்கலைக்கழகத்துக்கும் மற்ற தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கும் பொதுவான நுழைவுத்தேர்வு கிளாட். ஒருவரிப் பொது அறிவுக் கேள்விகள் நிறைந்திருந்த அந்தத் தேர்வை 2020இல் திருப்பிப்போட்டார்கள். இப்போது அதில் பெரும்பாலான கேள்விகள் ஏறத்தாழ 450 சொல் கொண்ட பத்திகளிலிருந்து வருகின்றன. சட்டப் பிரிவில்கூட முன்கூட்டிய சட்ட அறிவு வேண்டாம். கொள்கை பத்தியிலேயே இருக்கும், அதைப் புதிய சூழலுக்குப் பொருத்திக் காட்டவேண்டும். விளைவு? 'தினமும் தலையங்கம் படி, வாதத்தைப் பிரித்துப் பார்' என்று பயிற்சி மையங்களே சொல்லத் தொடங்கிவிட்டன.

ஆனால் கிளாட் ஆங்கிலத்தில் மட்டுமே நடக்கிறது. தெலுங்கிலோ உருதுவிலோ கூர்மையாக வாசிக்கும் ஒரு கரீம்நகர்ப் பெண்ணின் திறமை அதில் கணக்கில் வராது. இங்கேதான், எந்த மொழியில் படிப்பது என்ற ஹைதராபாத்தின் பழைய வழக்கு மறுபடி விசாரணைக்கு வருகிறது.

இரண்டு வளாகங்கள், ஒரே சாலை

ஏழாம் நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் 1917இல் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். இந்திய மொழி ஒன்றைப் பயிற்றுமொழியாகக் கொண்ட பல்கலைக்கழகம் தொடங்குவதற்கான ஆணை அது. 1918இல் உஸ்மானியா பல்கலைக்கழகம் உருவானது. மருத்துவம், பொறியியல், சட்டம் எல்லாம் உருதுவில். பாடநூல் வேண்டுமே என்று 'தாருத் தர்ஜுமா' என்ற மொழிபெயர்ப்பு நிலையத்தை முதலிலேயே நிறுவினார்கள். ஆங்கிலத்திலிருந்தும் பிற மொழிகளிலிருந்தும் நூற்றுக்கணக்கான நூல்கள் உருதுவுக்கு வந்தன. கவிஞர் ஜோஷ் மலிஹாபாதி போன்றவர்கள் அங்கே வேலை பார்த்தார்கள். ஆங்கிலத்தையும் அவர்கள் கைவிடவில்லை, அது கட்டாய மொழிப்பாடமாக இருந்தது.

அந்த முயற்சியில் ஒரு பெரிய ஓட்டையும் இருந்தது. நிஜாம் அரசின் மக்களில் பெரும்பாலோர் பேசியது தெலுங்கு, மராத்தி, கன்னடம். 'தாய்மொழியில் சிந்திக்கலாம்' என்ற வாக்குறுதி அவர்களுக்குப் பொருந்தவில்லை. 1948க்குப் பிறகு உஸ்மானியா ஆங்கிலத்துக்கு மாறியது. உருதுவில் கட்டியெழுப்பிய பாடநூல் உலகம் பெரும்பாலும் அலமாரிக்குப் போயிற்று.

பத்து ஆண்டுகள் கழித்து, 1958இல், அதே வட்டாரத்தில் இன்னொரு நிறுவனம் பிறந்தது. பெயர் மத்திய ஆங்கில நிறுவனம். போர்டு அறக்கட்டளையும் பிரிட்டிஷ் கவுன்சிலும் துணைநின்றன. கன்னட எழுத்தாளர் வி. கே. கோகாக் அதன் தொடக்ககால இயக்குநர். இந்தியா முழுவதுக்கும் ஆங்கில ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பது அதன் பணி. 1970களில் பிறநாட்டு மொழிகளும் சேர்ந்து சீஃபெல் ஆயிற்று. 2007இல் மத்தியப் பல்கலைக்கழகமாகி, இப்போது இஃப்லூ. தார்நாகாவில் இஃப்லூவும் உஸ்மானியாவும் பக்கத்துப் பக்கத்து வளாகங்கள்.

எந்த மொழியில் படித்தால் மாணவர் சிந்திப்பார் என்ற கேள்விக்கு இந்த இரண்டு வளாகங்களும் இரண்டு விடைகளைத் தந்தன. இரண்டுமே பாதிதான் சரி என்று இன்று தெரிகிறது. ஆங்கிலத்தில் படி என்று மட்டும் சொன்னால் மாணவர் சொல்லோடு மல்லுக்கட்டியே களைத்துப்போகிறார். தாய்மொழியில் படி என்று மட்டும் சொன்னால், உலகின் அண்மை ஆய்வுகள் அவர் கைக்கு வரப் பல ஆண்டுகள் ஆகின்றன.

சொல்லோடு நடக்கும் மல்லுக்கு ஓர் அளவு உண்டு. நியூசிலாந்து மொழியியலாளர் பால் நேஷன் நீண்டகாலம் ஆராய்ந்தது இதைத்தான். ஒரு நூலை அகராதியோ ஆசிரியரோ இல்லாமல் தானே படித்துப் புரிந்துகொள்ள, அதிலுள்ள சொற்களில் சுமார் 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும் என்கின்றன அவரும் சகாக்களும் செய்த ஆய்வுகள். 300 சொல் உள்ள பக்கத்தில் ஆறு சொல் தெரியாவிட்டால் சமாளிக்கலாம். முப்பது சொல் தெரியாவிட்டால்? பக்கம் கண்ணில் படும், கருத்து பிடிபடாது. ஆங்கிலச் செய்தித்தாளையோ நாவலையோ அப்படிப் படிக்க எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் தேவை என்பது 2006இல் நேஷன் போட்ட கணக்கு. தெலுங்கு வழியில் படித்துவிட்டு டிகிரி முதலாமாண்டில் ஆங்கில நூலைத் திறப்பவரிடம் 'விமர்சித்துப் படி' என்று சொல்வதற்கு முன் இந்தக் கணக்கை நினைக்கவேண்டும்.

சொல் தெரிந்தால் மட்டும் போதுமா? அதுவும் இல்லை.

1988இல் அமெரிக்காவில் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி இருவரும் 64 பள்ளி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். பேஸ்பால் ஆட்டம் ஒன்றின் வருணனையைப் படித்து, மாதிரி மைதானத்தில் பொம்மைகளை நகர்த்திக் காட்டவேண்டும். வாசிப்புத் தேர்வில் குறைந்த மதிப்பெண் எடுத்தாலும் பேஸ்பால் நன்றாகத் தெரிந்தவர்கள், வாசிப்பில் கெட்டிக்காரர்களாக இருந்தும் ஆட்டம் தெரியாதவர்களை மிஞ்சினார்கள். நம் ஊருக்குக் கிரிக்கெட் என்று மாற்றிக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் தடுமாறும் பையன், நடுவர் தீர்ப்பை மறுபார்வைக்குக் கேட்கும் டி.ஆர்.எஸ். முறையீடு பற்றிய ஆங்கிலக் கட்டுரையைப் புரிந்துகொண்டுவிடுவான். வாசித்துப் புரிதல் என்பது எல்லாப் பாடத்துக்கும் பொதுவாகப் பழக்கிவிடக்கூடிய தனித்திறமை அல்ல. துறையறிவு சேரச் சேரத்தான் அது வளர்கிறது. 'கம்யூனிகேஷன் ஸ்கில்ஸ்' என்ற பெயரில் முதலாமாண்டில் ஒரு தாளை வைத்துவிட்டு, வேலை முடிந்தது என்று கல்லூரிகள் நினைப்பது அதனால்தான் பலிப்பதில்லை. பொருளாதார ஆசிரியர் பொருளாதாரத்தை வாசிக்கச் சொல்லித்தரவேண்டும், தாவரவியல் ஆசிரியர் தாவரவியலை.

ரயில் அட்டவணையில் ஒரு பாடம்

எப்படிச் சொல்லித்தருவது? இதற்கு உலகமே எடுத்துக்காட்டாகச் சொல்லும் ஒரு முயற்சி தென்னிந்தியாவில்தான் நடந்தது. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என். எஸ். பிரபு, பெங்களூரு வட்டார ஆங்கில நிறுவனத்தோடு சேர்ந்து 1979 முதல் 1984 வரை ஒரு திட்டத்தை நடத்தினார். பெங்களூரு, சென்னை, கடலூர்ப் பள்ளிகளில் வகுப்புகள் நடந்தன. இலக்கண விதியை விளக்கி மனப்பாடம் செய்யவைக்கும் வழக்கமான பாடம் கிடையாது. ஒரு ரயில் கால அட்டவணை, ஒரு வரைபடம், ஒரு சிறு கதை. அதை வைத்து ஒரு சிக்கல். எந்த வண்டியில் போனால் நேரத்துக்குப் போய்ச்சேரலாம்? ஏன் இந்த வண்டி ஆகாது? முதலில் இதுபோன்ற ஒரு சிக்கலை ஆசிரியரும் வகுப்பும் சேர்ந்து உரக்கப் பேசித் தீர்ப்பார்கள். பிறகு ஒவ்வொருவரும் தனியாக இன்னொன்றைச் செய்யவேண்டும்.

பிரபு வைத்திருந்த அளவுகோல் அழகானது. வகுப்பில் பாதிப்பேராவது பணியில் பாதியையாவது சரியாகச் செய்தால் கடினம் சரியான அளவில் இருக்கிறது என்று பொருள். எல்லாரும் எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டால் பாடம் மிக எளிது. யாராலும் முடியவில்லை என்றால் மிகக் கடினம். மாணவர் தவறு செய்வதற்குப் பாடத்திட்டத்திலேயே இடம் ஒதுக்கியவர் அவர். 'பெங்களூர்த் திட்டம்' என்ற பெயரில் அது மொழிப்பாடம் பற்றிய நூல்களில் இன்றும் பேசப்படுகிறது. நம் கல்லூரி வகுப்புகளில் அதன் சுவடு எவ்வளவு இருக்கிறது என்பது வேறு விஷயம்.

அந்த எளிய ரயில் அட்டவணையைச் சிறுபிள்ளை வேலை என்று ஒதுக்கிவிட முடியாது. 2023ஆம் ஆண்டின் 'அசர்' கல்விநிலை ஆய்வு 26 மாநிலங்களில் 28 மாவட்டக் கிராமங்களில் 14 முதல் 18 வயது வரை உள்ள சுமார் 35,000 பேரைச் சந்தித்தது. நான்கில் ஒருவரால் தம் மாநில மொழியில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடையில்லாமல் படிக்க இயலவில்லை. ஓரளவு படிக்கத் தெரிந்தவர்களிடம் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைக் கொடுத்து, அதில் அச்சிட்டிருந்ததை வைத்து நான்கு கேள்வி கேட்டார்கள். மூன்றுக்காவது சரியாக விடை சொன்னவர்கள் சுமார் 65 விழுக்காடு. மிச்சமுள்ளவர்கள் படித்தார்கள், ஆனால் படித்ததைப் பயன்படுத்த முடியவில்லை. இந்த வயதினரில் பலர்தான் அடுத்தடுத்த ஆண்டுகளில் கல்லூரி வாசலில் நிற்பவர்கள்.

வயிற்றுப்போக்குக்கு மருந்து கலக்குவதற்கும் ஆய்வுக் கட்டுரையை எடைபோடுவதற்கும் நடுவே பெரிய தூரம் இருப்பதுபோல் தோன்றும். உண்மையில் இரண்டிலும் தொடக்கம் ஒன்றே: எழுதியிருப்பதை நின்று பார்ப்பது, அதனிடம் ஒரு கேள்வி கேட்பது.

பவணந்தியும் பாலின்க்ஸாரும்

தமிழ் வாசகருக்கு இது புதிதாக இருக்க வேண்டியதில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலின் பாயிரத்தில், கற்பது எப்படி என்பதற்கு ஒரு கணக்கே இருக்கிறது. ஆசிரியரிடம் கேட்டுக்கொள்வதால் கிடைப்பது கால்பங்கு. உடன்படிப்பவர்களோடு பழகி ஆராய்வதால் இன்னொரு கால். மீதி அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் வந்துசேர்கிறது. ஆசிரியரின் உரைக்கு அப்பால் முக்கால்பங்கு என்கிறார் பவணந்தி.

1984இல் ஆன்மரி பாலின்க்ஸார், ஆன் பிரவுன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஏறக்குறைய இதையே வகுப்பில் சோதித்தார்கள். சரளமாகப் படிப்பார்கள், ஆனால் பொருள் பிடிபடாது என்ற நிலையில் இருந்த ஏழாம் வகுப்பு மாணவர்களைச் சிறு குழுக்களாக உட்காரவைத்தார்கள். ஒரு பத்தி படித்ததும் ஒரு மாணவர் ஆசிரியர் இடத்தில் அமர்வார். சுருக்கம் சொல்வார், ஒரு கேள்வி கேட்பார், புரியாததைத் தெளிவாக்குவார், அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பார். அடுத்த பத்திக்கு இன்னொருவர். சில வாரங்களிலேயே அவர்களுடைய புரிதல் கணிசமாக உயர்ந்தது. செலவு ஒன்றுமில்லை. ப்ரொஜெக்டர் வேண்டாம், செயலி வேண்டாம். எழுபது பேர் உள்ள டிகிரி வகுப்பைப் பத்துக் குழுவாகப் பிரித்தால் ஓர் அரசுக் கல்லூரியிலும் நாளைக்கே செய்யலாம்.

நன்னூலில் இன்னொன்றும் உண்டு. நூல் எழுதுபவர் பிறர் கருத்தை எதிர்கொள்ளும் ஏழு வகைகளை அது பட்டியலிடுகிறது. 'எழுவகை மதம்' என்று தமிழாசிரியர்கள் சொல்வார்கள். ஏற்றுக்கொள்ளலாம். மறுக்கலாம். முதலில் ஏற்று, பின்பு களையலாம். தன் கருத்தை நாட்டி நிறுத்தலாம். இருவர் முரண்பட்டால் ஒரு பக்கம் துணியலாம். பிறர் நூலின் குற்றத்தைச் சுட்டலாம். யாரோடும் சேராமல் தனித்து நிற்கலாம். எம்.ஏ. மாணவர் ஆய்வுக் கட்டுரைக்கு முன்னுரை எழுத இதைவிட நல்ல சட்டகம் கிடைப்பது அரிது. தமிழ் இலக்கியம் படித்தவர்கள் இதை ஐந்து மார்க் கேள்வியாக மனப்பாடம் செய்து எழுதிவிட்டுப் போகிறார்கள் என்பதுதான் வேதனை.

மறுத்துப் பேச, படிக்கத் தூண்டும் நூல் வேண்டும். ஹைதராபாத் இதில் கொடுத்துவைத்த ஊர். 1980இல் கீதா ராமசாமியும் சி. கே. நாராயண ரெட்டியும் நண்பர்களும் தொடங்கிய ஹைதராபாத் புக் ட்ரஸ்ட், சாதாரண மனிதர் வாங்கக்கூடிய விலையில் தெலுங்கு நூல்களைக் கொண்டுவந்தது. அலெக்ஸ் ஹேலியின் 'ரூட்ஸ்' நாவலைச் சகவாசி சுருக்கி மொழிபெயர்த்த 'ஏடு தராலு' ஆந்திர, தெலங்கானா ஊர்களெங்கும் பரவியது. கருப்பின அடிமைகளின் ஏழு தலைமுறைக் கதையைத் தெலுங்கில் படித்த ஓர் இளைஞர், தன் ஊரின் சாதியைப் பற்றியும் புதிதாகக் கேட்டிருப்பார். இஃப்லூவில் பணியாற்றிய சூசி தாருவும் கே. சத்தியநாராயணாவும் தென்னிந்திய தலித் எழுத்தை ஆங்கிலத்தில் இரண்டு பெருந்தொகுதிகளாக்கினார்கள். 2011இல் வந்த முதல் தொகுதி தமிழுக்கும் மலையாளத்துக்கும் உரியது. கல்லூரி வகுப்பில் எதைப் படிப்பது என்ற கேள்வியை விட்டுவிட்டு எப்படிப் படிப்பது என்று மட்டும் பேசுவது வீண். தன் வாழ்க்கையைத் தொடும் நூலை ஒருவர் சிரமப்பட்டாவது படித்து முடிப்பார்.

ஒரு வாட்ஸ்அப் செய்தியை வாசிப்பது

இதெல்லாம் மதிப்பெண் விவகாரம் மட்டுமாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரை தேவைப்பட்டிருக்காது. 2018 மே மாதம், பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தி தென்னிந்தியா முழுவதும் பரவியது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, கோயிலுக்குப் போன சென்னை மூதாட்டி ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். அதே மாதம் ஹைதராபாத் சந்திராயன்குட்டாவில் ஒரு திருநங்கை கொல்லப்பட்டார். அந்தச் செய்திகளை அனுப்பியவர்களில் பலரும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள்.

அப்போது தெலங்கானாவின் ஜோகுலாம்பா கத்வால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளராக இருந்த ரெமா ராஜேஸ்வரி, தம் காவலர்களைக் கிராமம் கிராமமாக அனுப்பினார். செய்தி எங்கிருந்து வந்தது, படம் எந்த ஊருடையது, யார் சொன்னார்கள் என்று கேட்கக் கற்றுக்கொடுத்தார்கள். நாட்டுப்புறக் கலைஞர்கள் பாட்டுக் கட்டிப் பாடினார்கள். அவர் பொறுப்பிலிருந்த நானூறுக்கு மேற்பட்ட கிராமங்களில் வதந்தியால் ஓர் உயிரும் போகவில்லை. விமர்சனச் சிந்தனை வகுப்பு என்று யாராவது பெயர் வைத்திருந்தால் அந்த ஊர்களில் நடந்ததற்குத்தான் வைக்கவேண்டும். ஹைதராபாத்திலிருந்தே இயங்கும் 'ஃபேக்ட்லி' அரசுத் தரவுகளைக் கொண்டு பொய்ச் செய்திகளைச் சரிபார்க்கும் வேலையை நாள்தோறும் செய்துவருகிறது.

உயர்கல்வி படித்தவர்கள் இதில் தேறிவிடுவார்கள் என்று நினைக்கவேண்டாம். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் பத்து வரலாற்றாய்வாளர்கள், பத்துத் தொழில்முறைச் செய்தி சரிபார்ப்பாளர்கள், 25 இளநிலை மாணவர்கள் ஆகியோரிடம் சில இணையப் பக்கங்களைக் கொடுத்து நம்பகத்தன்மையைக் கணிக்கச் சொன்னார்கள். முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றாய்வாளர்களும் அடிக்கடி ஏமாந்தார்கள். பக்கத்துக்குள்ளேயே மேலிருந்து கீழாகக் கவனமாகப் படித்ததுதான் அவர்கள் செய்த பிழை. சரிபார்ப்பாளர்களோ அந்தப் பக்கத்தைச் சட்டென்று விட்டு வெளியேறி, இதை நடத்துவது யார் என்று வேறு இடங்களில் தேடினார்கள். எப்போது ஆழ்ந்து படிப்பது, எப்போது விலகிப் போய் விசாரிப்பது என்ற தேர்வும் வாசிப்புத்தான்.

இத்தகைய வாசிப்பு வேலைக்கான தேர்விலும் தேவைப்படுகிறது. ஹைதராபாத் சிக்கட்பள்ளி நகர மைய நூலகத்தில் இடம்பிடிக்கக் காலையிலேயே கூட்டம் சேரும். வாடகை அறைகளும் கோச்சிங் பலகைகளும் நிறைந்த அசோக்நகரிலிருந்து நடந்துவரும் அரசுவேலைத் தேர்வர்கள் அவர்கள். குரூப்-1 முதல்நிலைத் தேர்வு பிட்கள்தான். தேறிவிட்டால் முதன்மைத் தேர்வில் தரவரிசைக்கான ஆறு தாள், எல்லாம் விரித்தெழுதும் விடைகள், அதில் முதலாவது பொதுக்கட்டுரை. பள்ளி, இன்டர், டிகிரி என எங்கும் பழக்காததை அரசு அந்த இடத்தில் திடீரென்று கேட்கிறது. தெலுங்கிலோ உருதுவிலோ எழுதலாம் என்பது ஆறுதல். அவர்களில் பலர் கையில் இருப்பவை 1968இல் தொடங்கப்பட்ட தெலுகு அகாடமியின் பாடநூல்கள். தாருத் தர்ஜுமா விட்ட இடத்திலிருந்து, இம்முறை தெலுங்கில், வரலாற்றையும் பொருளாதாரத்தையும் கல்லூரி மட்டத்தில் எழுதிவைத்த நிறுவனம் அது.

2022-23 கல்வியாண்டில் தெலங்கானா அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழி வந்தபோது, அரசு ஒரு நல்ல காரியம் செய்தது. ஒரு பக்கம் ஆங்கிலம், எதிர்ப்பக்கம் தெலுங்கு என இருமொழிப் பாடநூல்களை அச்சிட்டுக் கொடுத்தது. பிள்ளை இந்தப் பக்கம் தடுக்கி விழுந்தால் அந்தப் பக்கம் எழுந்துகொள்ளலாம். அந்தப் பிள்ளைகள் சில ஆண்டுகளில் டிகிரிக்கு வருவார்கள். அதற்குள் கல்லூரிப் பாடங்களுக்கும் அந்த எதிர்ப்பக்கம் தயாராகவேண்டும். எழுதத் தெரிந்தவர்கள் தெலுகு அகாடமியிலும், ஆசிரியரைப் பயிற்றுவிப்பவர்கள் தார்நாகாவிலும் இருக்கிறார்கள்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத வேலை ஒன்று உஸ்மானியாவின் கையிலேயே உள்ளது. தன்னோடு இணைந்த, தன்னாட்சி பெறாத கல்லூரிகளுக்கெல்லாம் அதுதான் வினாத்தாள் அமைக்கிறது. ஒவ்வொரு பாடத்தின் தாளிலும், மாணவர் முன்பு பார்த்திராத ஒரு பக்கக் கட்டுரையை அந்தத் துறையிலிருந்தே எடுத்து, ஆங்கிலத்திலும் தெலுங்கிலும் உருதுவிலும் தந்து, அதன் வாதத்தை எடைபோடச் சொல்லிப் பத்து மதிப்பெண் ஒதுக்கலாம். கைடு பார்த்து அதற்கு விடை எழுத முடியாது. இதற்குப் புதுக் கட்டடமோ புதுச் சட்டமோ வேண்டாம். பாடத்திட்டக் குழுக்கள் கூடித் தீர்மானித்தால் அடுத்த கல்வியாண்டிலேயே தொடங்கிவிடலாம்.